அவள் படாத கோபம்

கேள்வி: குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் நாவல் எழுதுகிறேன். ரத்தக்காட்டேரி ஒருவனுக்கும் இந்தக் காலத்துப் பெண் ஒருத்திக்கும் நடக்கிற காதல் கதை. மூன்று பாகமாகத் திட்டம். முதல் பாகத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டாம் பாகம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பின்னட்டையில் வாட்ஸ்அப் எண் கொடுத்தது என் தப்பு. "ஹீரோவைக் கெடுத்துட்டீங்க" என்கிறார்கள். "இது காதலே இல்லை" என்கிறார்கள். "இப்பத்தான் நிஜமான டார்க்" என்று நாலைந்து பேர் பாராட்டவும் செய்கிறார்கள். ஒருவர் புத்தகத்தையே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் பாகம் பாதி எழுதியாகிவிட்டது. இரண்டாம் பாகத்தை மறுபதிப்பில் மாற்றி எழுதலாமா? இல்லை, மூன்றாம் பாகத்தில் வாசகர்கள் கேட்கிறபடி அவனை நல்லவனாக்கிவிடலாமா? அல்லது இந்த மாதிரிக் கதையை நான் தொட்டிருக்கவே கூடாதா?

பெயர் வேண்டாம், குன்னூர்.

பதில்:

அன்புள்ள குன்னூர்க்காரருக்கு,

உங்கள் இரண்டு பாகங்களும், வாசகர் செய்திகளைப் பிரிண்ட் எடுத்து நீங்கள் அனுப்பிய கட்டும் போன வாரம் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தன. மூன்று நாளாக விடாத மழை, கரண்டும் போய்விட்டது. ரத்தக்காட்டேரிக் கதையை மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு படிக்கிற யோகம் எடிட்டர்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டபடி நாவலின் பெயரையும் பாத்திரங்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. தாராளமாக எழுதலாம். கலிங்கத்துப் பரணியில் ஜெயங்கொண்டார் போர்க்களத்துக்குப் பேய்களைக் கூட்டி வந்து, ரத்தத்தையும் நிணத்தையும் போட்டுக் கூழ் காய்ச்சி, பந்தி வைத்துப் பரிமாறியவர். அதைத் தாங்கிய மொழிக்கு உங்கள் நாயகனின் இரண்டு பல் ஒன்றும் புதிதில்லை. "நம்ம கலாச்சாரத்துக்கு ஒத்துவராது" என்று எழுதியவர்களின் தாள்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அவர்கள் முதல் பாகத்துக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் காட்டேரி தங்கள் குலதெய்வம் என்று எழுதிய பெரியவரின் கடிதத்தை அந்தக் கட்டில் சேர்க்காதீர்கள். காட்டேரியைக் கும்பிடுகிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவர் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. மொட்டையாகக் 'காட்டேரி' என்று வருகிற இடங்களில் மனசு சங்கடப்பட்டது என்றுதான் எழுதியிருக்கிறார். அவருக்கு உங்கள் கைப்பட நாலு வரி எழுதுங்கள். மறுபதிப்பில் அந்த இடங்களில் ரத்தக்காட்டேரி என்று முழுசாகப் போட்டுவிட்டால் போதும். (நம் பக்கத்திலேயே காட்டேரி என்று ஓர் ஊர் இருக்கிறது, அருவி இருக்கிறது. பஸ்ஸில் "காட்டேரி ரெண்டு" என்று டிக்கெட் கேட்பவரைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. இதை உங்கள் நாவலில் எங்காவது ஒரு வரியாக வைத்திருப்பீர்கள் என்று கடைசிவரை தேடினேன், ஏமாந்தேன்.)

பிள்ளை பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், இதை இரவல் வாங்கி வந்துவிட்டாள் என்று எழுதிய அம்மாவும் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். அடுத்த அச்சில் முதல் பக்கத்தில், இது பெரியவர்களுக்கான கதை, உள்ளே இன்னின்ன இருக்கிறது என்று இரண்டு வரி போடுங்கள். நம் மாத நாவல்களில் அந்தப் பழக்கம் கிடையாது. உங்களிடமிருந்து ஆரம்பிக்கட்டுமே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாசகர் கடிதங்கள் ஒரு கட்டாக வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அல்ல. எந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்வேன். திட்டுகிறவர், அழுகிறவர், பாராட்டுகிறவர் எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். இருபத்தைந்து வருடத்துப் பழக்கம். உங்கள் கட்டுக்கும் அப்படியே போட்டேன். சில குறைகள் புத்தகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் எல்லோரும் வந்து குவிகிறார்கள்.

சிதறியவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

"பகலில் எப்படி நடக்கிறான், எரிந்து சாம்பலாக வேண்டாமா" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது சினிமா கொடுத்த சட்டம். 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா பகலில் நடமாடுகிறவன்தான், பகலில் அவனுக்குச் சக்தி குறைவு, அவ்வளவுதான். வெயில் பட்டதும் மறைந்துபோகிற வழக்கத்தைக் கொண்டுவந்தது 1922-ல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மானிய ஊமைப்படம். ஆகவே உங்கள் ஆள் பகலில் நடக்கட்டும். ஜூலை மாசம் நீலகிரியில் வெயில் எங்கே இருக்கிறது, எரிவதற்கு? சட்டம் எதுவாக இருந்தாலும் அது உங்கள் சட்டம். நீங்களே போட்ட சட்டத்தை நீங்களே மீறினால்தான் வழக்கு. இதற்குத் திரும்ப வருவேன்.

ரயில் விஷயத்தில் தப்பு உங்களுடையது. பின்னோக்குக் காட்சியில் 1902-ல் நாயகன் மலை ரயிலில் ஊட்டி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் வந்தது 1899-ல். ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1908-ல். குன்னூரிலேயே உட்கார்ந்துகொண்டு இதைக் கோட்டை விடலாமா? அவனைக் குன்னூரில் இறக்கிக் குதிரை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அதுவும் நல்லதுதான், மழையில் வண்டிக்காரனோடு ஒரு பேச்சு கிடைக்கும். அதேபோல், குறிஞ்சி பூக்கிற காட்சியை 2014-ல் வைத்திருக்கிறீர்கள். நீலக்குறிஞ்சி பூத்தது 2006-லும் 2018-லும். பன்னிரண்டு வருடக் கணக்கை வைத்துத்தான் அவன் தன் வயதை எண்ணுகிறான் என்று முதல் பாகத்தில் அவ்வளவு அழகாக எழுதிவிட்டு, இரண்டாம் பாகத்தில் எட்டே வருடத்தில் பூக்கவைத்தால் அவன் வயசே கணக்கு உதைக்கிறது. மறுபதிப்பில் திருத்த வேண்டியவை இந்த மாதிரி விஷயங்கள்தான்.

அடுத்தது, ஹீரோ நூறு பக்கத்துக்கு மேல் காணாமல் போனது. இதைக் குறையாகச் சொன்னவர்கள் அதிகம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இதே வகையில் உலகம் முழுக்க ஓடிய வரிசை ஒன்று உண்டு, ட்வைலைட். அதன் இரண்டாம் புத்தகம் 2006-ல் வந்தது. அதிலும் நாயகன் ஆரம்பத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறான், புத்தகத்தின் பெரும்பகுதிக்குக் கண்ணில் படுவதில்லை. அவன் போன பிறகு மாதத்தின் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள் வரும்: அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒரு வரி கதை கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை. உங்கள் நாவலில் அவன் இல்லாத நூறு பக்கத்தில் நாயகி என்ன செய்கிறாள்? வேலைக்குப் போகிறாள், அத்தைக்குப் பங்களாவைச் சுத்தம் செய்து கொடுக்கிறாள், பழைய டைரியைக் கண்டுபிடிக்கிறாள். எல்லாம் அடுத்த கட்டக் கதைக்கு வேண்டிய ஏற்பாடுகள். அவன் இல்லாதது அவளுக்கு வலிக்கவே இல்லை. அவளுக்கு வலிக்காதபோது வாசகருக்கு அலுக்கத்தான் செய்யும்.

இந்த 'அவளுக்கு வலிக்கவில்லை' என்பதைக் கொஞ்சம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் வந்து குவிகிற இடம் பத்தொன்பதாம் அத்தியாயம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாயகன் 1870-களில் நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா எடுக்கிற மரம் அது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கமே வளர்த்தது. கொய்னா சாப்பிட்டவர்களின் ரத்தம் அவனுக்குக் கசக்கும் என்று ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். சபாஷ். அதைவிடப் பெரிய விதி, அழைக்காமல் அவன் வாசற்படி தாண்ட மாட்டான் என்பது. இது டிராகுலாவிலேயே இருக்கிற விதிதான். அந்த வீட்டு ஆள் யாராவது முதலில் கூப்பிட்டால்தான் உள்ளே வர முடியும். நீங்கள் அதைத் தமிழ் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் வாயால் "வாங்க" என்று சொல்ல வேண்டும் என்று ஆக்கினீர்கள். வீட்டுக்கு மட்டும் இல்லை, அவளைத் தொடுவதற்கும் அதே சொல்தான். முதல் பாகத்தில் உறைபனி கொட்டுகிற ஜனவரி இரவு முழுக்க அவன் வராந்தாவுக்கு வெளியே, புல் வெள்ளையாகிப் போகிறவரை நின்றுகொண்டே இருக்கிறான். ஜன்னலுக்கு உள்ளே அவள் தூங்காமல் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வாசகர்கள் முதல் பாகத்தைக் காதலித்தது அந்த முப்பது பக்கத்துக்காகத்தான். பல்லுக்காகவும் கறுப்புக் கோட்டுக்காகவும் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் பாகத்தின் முடிவில் அவன் கிளம்புகிறான். அவள், எந்தத் தமிழ்ப் பெண்ணும் சொல்கிற மாதிரி, "போயிட்டு வாங்க" என்கிறாள்.

இரண்டாம் பாகம், பத்தொன்பதாம் அத்தியாயம். நூறு பக்கத்துக்கு அப்புறம் அவன் திரும்பி வருகிறான். நடுராத்திரி. அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். யாரும் அழைக்கவில்லை. உள்ளே வருகிறான். ரத்தம் குடிக்கிறான். காலையில் தலையணையில் கறையைப் பார்த்துவிட்டு அவள் கேட்கிறாள். அவன் சொல்கிற பதில்: "நீதானே போயிட்டு வாங்கன்னு சொன்னே?"

அந்த வரியைப் படித்ததும் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு நல்ல வரி. நம் மொழியில் யாரையும் "போ" என்று வழியனுப்புவதில்லை, போகிறவரும் "போறேன்" என்று சொல்வதில்லை. ஒவ்வொரு விடைபெறுதலுக்குள்ளும் ஓர் அழைப்பு ஒளிந்திருக்கிறது. அந்தப் பொந்து வழியாக ஒரு ரத்தக்காட்டேரி உள்ளே நுழைய முடியும் என்று கண்டுபிடித்தது நீங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இந்தத் திருப்பத்துக்கு இந்த ருசி வராது. ஆகவே இதை எடுக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அவன் கெட்டுப்போனது கதைக்குக் கெடுதல் இல்லை. ஆன்டி ஹீரோ கதையைத் தேடி வாங்குகிறவர்கள் அவன் கெடுவான் என்று தெரிந்துதான் காசு கொடுக்கிறார்கள்.

பிரச்சினை அதற்கு அடுத்த பத்தியில் இருக்கிறது. அவள் ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கிறாள். பிறகு, நீங்கள் எழுதியிருக்கிறபடி, "அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது". இருபதாம் அத்தியாயத்தில் இரண்டு பேரும் தொட்டபெட்டாப் பனிமூட்டத்தில் கை கோத்து நடக்கிறார்கள்.

இப்போது உங்கள் கட்டை மறுபடி புரட்டுங்கள். "ஹீரோவைக் கெடுத்துட்டீங்க", "அவனை மன்னிக்கவே முடியாது", "எனக்கு அழுகையா வந்துச்சு", "தூங்கறப்போ செஞ்சது எப்படிங்க காதலாகும்?", புத்தகத்தைத் திருப்பி அனுப்பியவர் எழுதிய "அவ மன்னிச்சதை என்னால மன்னிக்க முடியலை". இந்த வரிகளையெல்லாம் யார் பேசியிருக்க வேண்டும்? நாயகி. தலையணைக் கறையைப் பார்த்த அந்தக் காலையில் அவள் வாயில் வந்திருக்க வேண்டிய வசனங்கள் இவை. நீங்கள் அவளுக்குச் சிரிப்பைக் கொடுத்துவிட்டீர்கள். அவள் படாத கோபத்தை அவளுக்குப் பதிலாக இத்தனை பேர் படுகிறார்கள். பாராட்டிய நாலைந்து பேரையும் பாருங்கள், அவர்கள் ரசித்தது அவன் செய்ததை. அவள் சிரித்ததை ஒருவர்கூடப் பாராட்டவில்லை.

நம் பழைய அக இலக்கியத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு, வாயில் மறுத்தல். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்புகிற தலைவன் நேராக வீட்டுக்குள் வந்துவிட முடியாது. பாணனையோ வேறு யாரையோ தூது அனுப்புவான். தோழி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே விடமாட்டேன் என்பாள். அவன் செய்ததைச் சொல்லிக் காட்டுவாள். பாட்டுப் பாட்டாக இதை எழுதி வைத்திருக்கிறார்கள். திருக்குறளில் காமத்துப்பால் முடிகிற இடம் கல்யாணம் அல்ல. புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரமும் கோபதாபம்தான். "உப்பமைந் தற்றால் புலவி" என்கிறார் வள்ளுவர். சமையலில் உப்பு மாதிரி. அதிகமாகிவிடக் கூடாது என்றும் அதே குறளில் சொல்கிறார். உங்கள் இலையில் உப்பே வைக்கவில்லை. மலைக்குப் புணர்தல், ஊடல் வயல்வெளிக்கு என்று திணை இலக்கணத்தைப் பார்த்து நடந்துகொண்டீர்களோ என்னவோ!

வாசற்படியை வைத்தே ஒரு முழு நாவலைக் கட்டியவர் நீங்கள். வாயில் மறுத்தல் உங்களுக்காகவே செய்து வைத்த துறை. உங்கள் வாசகர்கள் இப்போது அந்தத் தோழியின் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கதவில் குறுக்கே கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இரண்டாம் பாகத்தை மாற்றி எழுதலாமா என்ற கேள்விக்கு இதிலிருந்தே பதில் வருகிறது. வேண்டாம். வாங்கியவர்கள் கையில் ஒரு புத்தகமும் அச்சில் வேறொரு புத்தகமுமாக இருந்தால் மூன்றாம் பாகம் எதற்குத் தொடர்ச்சி என்ற குழப்பம் வரும். இதைவிடப் பெரிய காரணம், அவள் சிரித்தது நடந்துபோன விஷயமாக இருப்பது உங்களுக்குச் சாதகம். சில பெண்கள் அப்படித்தான் முதலில் சிரித்துவிடுவார்கள். அதிர்ச்சியிலும் சிரிப்பு வரும். கோபம் ஒரு வாரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வரும். மூன்றாம் பாகம் அந்தப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் தொடங்கலாம்.

கோனன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டு வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பழைய கதையைத் திருத்தவில்லை. 1901-ல், சாவதற்கு முன்னால் நடந்ததாக ஒரு நாவல் எழுதினார். 1903-ல்தான், ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார். எழுதிய வரியை அழிக்காமல் அந்த வரிக்குள்ளேயே வழி தேடினார் பாருங்கள், அது தொழில் தெரிந்தவர் வேலை. நம் கல்கியும் பொன்னியின் செல்வனை 1954-ல் முடித்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதற்கு முடிவுரையில் பதில் எழுதினார். கதையில் கை வைக்கவில்லை.

நான் கை வைத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். ரொம்ப வருடம் முன்பு ஒரு பத்திரிகையில் இருந்தபோது, தொடர்கதை ஒன்றின் இரண்டாம் பாகத்தில் செத்துப்போன பாத்திரத்தை உயிரோடு கொண்டுவரச் சொல்லிக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவருக்கு மனசில்லை. நான்தான் வற்புறுத்தி, இரட்டைப் பிறவி என்று ஒரு தம்பியை உள்ளே கொண்டுவர வைத்தேன். கடிதம் எழுதியவர்கள் இரண்டு வாரம் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் அவர்களே தொடரைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த எழுத்தாளர் அதற்குப் பிறகு எனக்குக் கதை அனுப்பவில்லை.

இப்போது, நீங்கள் பாதி எழுதி வைத்திருக்கிற மூன்றாம் பாகம். அதன் சுருக்கத்தைப் படித்தேன். அவனைவிடக் கொடியவனான ஒரு மூத்த ரத்தக்காட்டேரி வருகிறான், நாயகியைக் கடத்துகிறான், நம் ஆள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றுகிறான், அவள் அவன் மார்பில் சாய்கிறாள். இது ஆன்டி ஹீரோ கதைகளில் எல்லோரும் போடுகிற கணக்கு. பெரிய வில்லனைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டால் சின்ன வில்லன் வெளுத்துத் தெரிவான். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், உங்களுக்கே தெரியாதா? ஒருவன் வேறு கடையில் வைத்த பாக்கியைக் காட்டி இவன் பாக்கியைத் தள்ளுபடி செய்ய முடியுமா? பத்தொன்பதாம் அத்தியாயப் பாக்கி அந்தப் பெயரிலேயே நிற்கும். வில்லன் வேண்டுமானால் வரட்டும், ஆனால் அவன் வருவதற்கு முன்னாலேயே இவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு நடந்து முடிந்திருக்க வேண்டும்.

என்ன பேச்சு? அவன் விளக்கம் சொல்லவே கூடாது. நூற்றைம்பது வருடப் பசி, தோட்டத்து வாழ்க்கை, தன்னைக் கடித்தவன் செய்த கொடுமை என்று நாலு பக்கத்துக்கு ஒரு தன்னிலை விளக்கம் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் ஆபத்து. படிக்கிறவர் மனசு அவன் பக்கம் சாய்ந்துவிடும், அவள் மறுபடி பேச்சில்லாமல் நிற்பாள்.

முதல் பாகம் முழுக்க ஒரே ஒரு சொல்லின் மேல் நின்றது, "வாங்க". மூன்றாம் பாகத்தில் அவள் இன்னொரு சொல்லைச் சொல்லட்டும். "போ". பின்னால் "யிட்டு வாங்க" கிடையாது. அந்த "ங்க"கூட வேண்டாம். இத்தனை நாள் மரியாதை கொடுத்துப் பேசியவள் மரியாதையை எடுக்கிற இடம் அது. நம் வீடுகளில் அந்த ஒற்றை எழுத்து என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சட்டப்படி அழைப்பு அத்தோடு ரத்து. அவன் வாசற்படிக்கு வெளியே. எத்தனை அத்தியாயத்துக்கு வெளியே நிற்பான், அவள் மறுபடி கூப்பிடுவாளா, கூப்பிடாமலே புத்தகம் முடியுமா, அதை நான் சொல்லக் கூடாது. காதல் கதைக்குச் சேர்ந்து வாழ்கிற முடிவு வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பு தப்பில்லை. ஆனால் முதல் பாகத்தில் அவனை ஓர் இரவு முழுக்க உறைபனியில் நிற்கவைத்து வாசகர்களை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தவர் நீங்கள். இந்தத் தடவை ஓர் இரவு போதாது.

இன்னொரு ஆள் உங்களுக்கு உதவுவாள். முதல் பாகத்தில் ஊட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு சிநேகிதி வருகிறாள். கொய்னா மாத்திரையைக் காபியில் கலந்து நாயகிக்குக் கொடுக்கிறாளே, அந்தக் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் பாகத்தில் அவளைக் காணவே இல்லை. உங்கள் கட்டில் ஒரே ஒருவர், அதுவும் பெரிய பாராட்டுக்கெல்லாம் கடைசியில் போகிற போக்கில், "அந்த நர்ஸ் என்ன ஆனாங்க?" என்று கேட்டிருக்கிறார். மொத்தக் கட்டிலும் இதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி. அவள் இருந்திருந்தால் இருபதாம் அத்தியாயம் நடந்திருக்காது. உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவளைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டீர்கள். கூட்டி வாருங்கள். வாசலில் நிற்கவையுங்கள். அவனோடு அவள் பேசட்டும், கையில் மாத்திரை டப்பாவோடு.

கடைசியாக அந்த அட்டைப்பூச்சிக் காட்சி. முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் நாயகி கூடலூர்ப் பக்கம் மழைக்காட்டுக்குள் நடந்துவிட்டு வந்து சாக்ஸைக் கழற்றுகிறாள், உள்ளே ரத்தம். அட்டை கடித்தது அவளுக்குத் தெரியவே இல்லை. ரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் அது விழுந்த பிறகும் ரத்தம் வழிந்துகொண்டே இருக்கிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் எழுந்து போய்ச் சாதம் வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. "அருவருப்பு, எடுத்துவிடுங்கள்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பதிப்பாளரும் எதற்கு இது என்று கேட்டாராம்.

தொடாதீர்கள். தூக்கத்தில் கடிக்கப்பட்டு, காலையில் கறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நீங்கள் அவளுக்குக் கொடுக்காததை முப்பத்தொன்றில் உங்கள் கை தானாகக் கொடுக்க முயன்றிருக்கிறது. அவள் வாயை மட்டும் இன்னும் திறக்கவில்லை. மூன்றாம் பாகத்தை அந்தப் படிக்கட்டிலிருந்து எழுதிப் பாருங்கள். அடுப்பில் சாதம் கொதிக்கட்டும், சாக்ஸ் அங்கேயே கிடக்கட்டும்.

முதல் மூன்று அத்தியாயம் ஆனதும் அனுப்புங்கள், நானே படிக்கிறேன். வாட்ஸ்அப்பில் வேண்டாம், தாளில் அனுப்புங்கள். உங்கள் இரண்டு பாகங்களையும் திங்கட்கிழமை கூரியரில் போடுகிறேன். ரயில் வருகிற பக்கத்திலும் குறிஞ்சிப் பக்கத்திலும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. 214-ஆம் பக்கத்தில் இருக்கிற மெழுகுக் கறை என்னுடையது, மன்னிக்கவும்.